நாகலிங்க மரம்

சிவாலயங்களின் திருநந்தவனங்களிலும் மடங்களின் சூழலிலும் நாகலிங்க மரம் என்னும் பெயரான் வழங்கும் மரமொன்று நட்டு வளர்க்கப்படுதல் சைவ நன்மக்கள் பலரும் அறிந்ததே. அதன் பூவைக் கையிலேந்திப் பார்ப்பார்க்கு நடுவே இலிங்கம் போன்றதோர் உறுப்பும், அதன்மேற் கவிந்து நிழல்செய்யும் பல தலை நாகம் போன்றதோர் உறுப்பும், சூழ நின்று தொழும் முனிவர் கூட்டம் போன்ற நுண்ணிய கேசரங்களும் ஒருங்கே தோன்றுதலின், அப்பூச் சிவபூசைக்கு உரியதெனக் கொள்ளப்பட்டு வருகின்றது. இவ்வளவிற் குற்றமொன்றும் இல்லை. ஆயின், இம்மரம் ஆகமங்களிற் கூறப்பட்டதென்றும், புராண காலந்தொட்டு இந்நாட்டில் உள்ளதென்றும், மூவாயிரம் ஆண்டுத் தொன்மை உடையதென்றும் எழுதுவாரும் பேசுவாரும் நாளடைவில் மிகுந்து வருகின்றனர். அக்கூற்று உண்மையாமா என்பது ஆராயத்தக்கது. ஆராயுமிடத்து அம்மரத்தின் தாயகம் யாது, ஆண்டு வாழும் மக்கள் அதனை எவ்வாறு பயன்கொள்கின்றனர் என்பன முதற்கண் அறியப்படுதல் வேண்டும்.

இம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளாம். கயானா, பிரேசில், பெரு, கொலம்பியா முதலிய நாடுகளில், அமேசான் போன்ற பேராறுகள் பாயும் தாழ்நிலங்களில் இது தானே முளைத்து வளர்கின்றது. முப்பத்தைந்து மீட்டர், அஃதாவது நூறடிக்கு மேலும், உயர்ந்து வளரும் இயல்பினது. ஏனை மரங்கள் கிளை நுனிகளிற் பூப்ப, இது அடிமரத்தினின்றே கயிறு போலத் தொங்கும் நீண்ட காம்புகளை ஈன்று, அவற்றிற் பூத்துக் காய்க்கும். இலைகளை ஒருங்கே உதிர்த்துச் சின்னாட்களில் மீண்டுந் தளிர்த்தலும் இதன் இயல்பு. ஓராண்டில் ஒருமுறைக்கு மேலும் இங்ஙனம் நிகழ்வதுண்டு.

1762 முதல் 1764 வரை பிரெஞ்சுக் கயானாவில் தங்கிச் செடிகொடிகளை ஆராய்ந்த ஓப்ளே என்னும் பிரெஞ்சுத் தாவர நூலார், 1775-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில் இதனை விளக்கிக் 'கூரூப்பிட்டா கயனென்சிசு' எனப் பெயரிட்டார். பின்னது கயானா நாட்டைக் குறிப்பது. முன்னதோ அந்நாட்டுப் பழங்குடிகள் வழங்கிய பெயரினின்று எடுக்கப்பட்டது. ஓப்ளே தாம் கண்ட மரங்களுக்கு அம்மக்கள் இட்ட பெயர்களையே பெரும்பாலும் தழுவிக்கொண்டார். பின்வந்த ஐரோப்பிய அறிஞருட் சிலர் அவை காட்டாளர் மொழியென இகழ்ந்து, இலத்தீனப் பெயர்களாக மாற்றவும் முயன்றனர். இம்மரத்தின் பெயர் அம்முயற்சிக்குத் தப்பி நிலைத்தமையால், நம் நந்தவனத்து நாகலிங்கம் தாவர நூலில் இன்றும் ஒரு கயானாப் பழங்குடிச் சொல்லாலேயே அழைக்கப்படுகின்றது.

ஆண்டுள்ள பிறர் இட்ட பெயர்களும் நோக்கத்தக்கன. ஆங்கிலரும் பிரெஞ்சுக்காரரும், உருண்டு கனத்துத் தொங்கும் காய்களைக் கண்டு, பீரங்கிக் குண்டு மரம் என்றனர். பிரேசில் நாட்டார் 'அப்ரிக்கோ தெ மக்காக்கோ' என்பர். குரங்கின் சருக்கரைப் பாதாமி என்பது பொருள். 'குயா தெ மக்காக்கோ' என்பதும் ஆண்டு வழங்கும் பெயரே. குயா என்பது சுரைக்குடுக்கையாற் செய்த உண்கலம். ஆகவே அது குரங்கின் கிண்ணம் எனப் பொருள்படும். பெரு நாட்டுக் காடுகளில் வழங்கும் கெச்சுவாப் பெயர் 'அயாவுமா' என்பது. 'அயா' எனின் இறந்தார் உடல் அல்லது ஆவி. 'உமா' எனின் தலை. சிவபெருமான் திருமேனியின் ஒரு பாகங்கொண்ட அம்மையின் திருநாமம் போல ஒலிக்கும் அச்சொல்லைக் கொண்டு, சொல்லொப்புமை ஆராய்ச்சி செய்யப் புகுவார் உளராயின், அவர் அதனின்று விலகி நிற்றல் நன்று. ஒலி ஒத்தல் உறவு காட்டாது.

இப்பெயர்களெல்லாம் பூவைக் குறியாது காயையே குறித்தல் கருதற்பாலது. அம்மக்கட்குப் பயன்பட்டது பெரும்பாலும் காயும், பட்டையும், இலையுமே ஆதலின் அங்ஙனம் ஆயிற்று. காய் தேங்காயினும் பெரிதாய், இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை குறுக்களவு உடையதாய், மரம்போன்ற ஓடுடன் விளையும். முதிர்தற்கு ஓராண்டோ அதன் மேலோ ஆகும். ஓட்டை உடைத்துத் துடைத்து உலர்த்திக் கிண்ணமாகவும் முகக்குங் கலமாகவும் பயன்கொள்வர். உள்ளீடு வெண்ணிறமான சதை. அதனுள் இருநூறு முந்நூறு விதைகள் பொதிந்திருக்கும். சதை நஞ்சன்று, எனினும் கனிந்தபின் எழும் நாற்றம் பொறுத்தற்கரிது. ஆதலின் மக்கள் அதனை விரும்பி உண்பதில்லை. பன்றிகட்கும் கோழிகட்கும் இரையாக இடுவர். காட்டிலோ பெக்காரி எனப்படும் பன்றி போன்ற விலங்கு வீழ்ந்த காயைக் கிண்டி உண்ணும். விதைகளைப் போர்த்துள்ள மயிர்கள் அவற்றைச் செரியாமற் காக்க, அவ்விலங்கு செல்லுமிடமெல்லாம் விதை பரவும். பூவின் நறுமணத்துக்கு மனிதனும் வண்டும் உரியவராக, காயின் நாற்றத்துக்கு உரியது இவ்விலங்கே போலும்.

நாய்களின் தோல்நோய்க்கு அச்சதையைப் பூசுதலும், மக்கட்கு உண்டாகுந் தோற்புண்கட்கு இலைச்சாற்றை இடுதலும் அந்நாடுகளில் வழங்கும் கைம்மருந்துகள். பெருவின் அமேசான் பகுதியில் வாழும் மருத்துவர் கொள்கை இவற்றினும் ஆழ்ந்தது. சில மரங்களைப் பொருளாக மட்டும் கருதாது, கற்பிக்கும் ஆசிரியராகவே அவர் கருதுவர். அயாவுமா அவற்றுள் ஒன்று. மருத்துவத் தொழில் பயிலப் புகுவான் உப்பு முதலியன நீக்கி, தனித்திருந்து, நோன்பு காத்து, அம்மரத்துப் பட்டை ஊறிய நீரைப் பருகுவான். பருகுவானுக்கு மரத்தின் ஆவி கனவில் வந்து பாட்டும் மருந்தும் அறிவுறுத்தும் என்பது அவர் நம்பிக்கை. சடப்பொருள் தானே அறிவுறுத்தும் என்னுங் கொள்கை சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. எனினும், மரத்தை வெட்டி விற்கும் பண்டமாக அன்றி வணங்கி அணுகும் பொருளாகக் கருதும் மனப்பான்மை, தலமரத்தை வலம்வரும் சைவர்க்குப் புதியதன்று.

காயைப்பற்றி இன்னும் ஒன்று கூறற்பாலது. வெட்டிய சதை வெண்மையாயிருந்து, காற்றுப்பட்ட சிறிது போழ்தில் நீலம் பாய்ந்த பச்சையாக மாறும். 1985-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் இரசாயன ஆராய்ச்சி இம்மரத்தினின்று எடுத்த பொருள்களுள் நம் அவுரிச் செடி தரும் நீலமும் அதனோடு இனமான பிறவும் உள்ளன எனக் காட்டிற்று. வெண்மை நீலமாதலைத் திருநீலகண்டத்தோடு இயைத்துப் பொருள் விரிப்பாரும் நாளை எழக்கூடும். அவர்க்கு விடை முன்னரே கூறிவிடலாம்: அவுரிச் சாறு ஊறிய தொட்டியிலும் காற்றுப்பட்டவழி அந்நீலமே தோன்றும், அதனைக் கண்டு எவரும் அத்தொட்டியைத் தொழுததில்லை.

இனிப் பூவின் அமைப்பு. தடித்த ஆறு இதழ்கள் புறத்தே மஞ்சளும் அகத்தே செம்மையும் கலந்து விரியும். நடுவில் சூலகத்தின் தலைப்பு மேடுபோல் நிற்ப, அதனைச் சூழ்ந்து குறுங்கேசரங்கள் வளையமாக நெருங்கி நிற்கும். இம்மேடே இலிங்கமெனவும், வளையமே முனிவர் எனவும் கருதப்படுவன. வளையத்தின் ஒரு பக்கத்தினின்று தட்டையானதொரு பட்டை எழுந்து வளைந்து, மேட்டின்மேற் கவிந்து, நுனியிற் பல நீண்ட கேசரங்களைத் தாங்கி நிற்கும். இதுவே படமெடுத்த நாகம். இவ்வமைப்பு எற்றிற்கு என வினவின், வண்டின் பொருட்டு என்பதே விடை. இப்பூவில் தேன் இல்லை. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு போன்ற பெருவண்டுகள் மகரந்தத்தையே நாடி வருகின்றன. மகரந்தம் இரு வகைத்து: படத்திலுள்ளது வண்டுக்கு உணவாவதன்றிக் கருவுறுத்தற்குப் பயன்படாதது, வளையத்திலுள்ளதே கருவுறுத்துவது. வண்டு படத்தைப் பற்றிக்கொண்டு தன் உணவைத் திரட்டும்போது, அதன் முதுகும் தலையும் வளையத்திற் படிய, ஆண்டுள்ள மகரந்தம் வண்டறியாமலே அதன்மேல் ஒட்டி அடுத்த பூவுக்குச் செல்லும். உண்ண வந்த உயிர் தான் கருதாத வினையொன்றையும் முடித்துச் செல்லும் இவ்வியைபு, இலிங்கமும் நாகமும் காணாத கண்ணுக்கும் வியப்பளிப்பதேயாம்.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவாம் எனின், சிவஞான சித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்தே வைத்த அளவைப் பகுதியே அதற்கு வழிகாட்டும். அளவைகள் பலவாக விரிப்பினும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அவை அடங்கும் என்பது ஆண்டுப் பெற்ற துணிபு. பூவில் நாகம் போன்ற வடிவு உண்டென்பது காண்டல், அதனை மறுப்பாரில்லை. ஆனால் வடிவு ஒத்தலைக் கண்டமை, அம்மரம் பண்டே இங்கு இருந்ததென்பதைக் காட்டாது. உரையளவையோ எனின், வேண்டிய சான்று கிடைக்கவில்லை. தில்லைக்குத் தில்லையும், மதுரைக்குக் கடம்பும், ஆனைக்காவுக்கு வெண்ணாவலும், கச்சி ஏகம்பத்துக்கு மாவும், திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரியும் தலமரங்களாதல் நூல்களாலும் வழக்காலும் நன்கறியப்பட்டவை. கொன்றை, எருக்கு, ஊமத்தை, வன்னி, வில்வம் என்பன இறைவன் விரும்பிச் சூடுவனவாகத் திருமுறைகளிற் பயின்றவை. அவ்வரிசையில் இம்மரம் யாண்டும் காணப்பட்டிலது.

நூல்களில் வரும் 'நாகம்' என்னுஞ் சொல்லைக் காட்டி, இதுவே அது என்பாரும் உளர். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும் பிற செய்யுட்களிலும் வரும் நாகம் வேறு மரம். வெண்ணிறமான நான்கு இதழ்களும் நடுவே பொன்னிறக் கேசரத் திரளும் உடைய நாகப்பூ மரத்தையே அச்சொல் குறிப்பதாக ஆராய்ச்சியாளர் கொள்வர். அது மேற்குமலைக் காடுகளில் இன்றும் வளர்வது. மக்கள் நாங்கு எனவும் வழங்குவர். அதன் பூவில் படமும் இல்லை. இலிங்க வடிவும் இல்லை. பெயரொப்புமை ஒன்றே கொண்டு ஒரு மரத்தை மற்றொன்றாகத் துணிதல், கயிற்றைப் பாம்பென்னும் திரிபுக் காட்சியின் பாற்பட்டது. ஈண்டுப் பாம்பே பெயரிலும் அமைந்தமை அத்திரிபுக்குத் துணையாயிற்று.

நூல்களிற் கூறப்படாமை ஒன்றே இன்மையைச் சாதிக்குமோ எனின், சாதியாது. நூல் கூறாத மரங்கள் இந்நாட்டிற் பலவுள. ஆதலின் கருதலளவையின் துணை வேண்டப்படும். கூரூப்பிட்டா என்னும் இனத்தில் மூன்று வகைகளே உள்ளன; மூன்றும் அமெரிக்க வெப்பமண்டலத்திற்கே உரியன. அவற்றிற்கு நெருங்கிய உறவாகிய பிரேசிற் கொட்டை மரமும் ஆண்டையதே. ஒரு மரம் இந்நாட்டில் மூவாயிரம் ஆண்டாக இருந்திருப்பின், அது காட்டிற் பரவியும், ஆண்டுள்ள குடிகளால் பெயரிடப்பட்டும் இருத்தல் வேண்டும். இம்மரமோ தோட்டங்களிலும் கோயில்களிலும் சாலையோரங்களிலும் மனிதன் நட்ட இடத்திலேயே காணப்படுகின்றது. காயைத் தின்று விதை பரப்பும் பெக்காரி இந்நாட்டில் இல்லாமையும் கருதற்பாலது. இவற்றால் இம்மரம் ஐரோப்பியர் கடல்வழி கண்டபின் அமெரிக்காவினின்று கொணரப்பட்டதென்பது துணியப்படும். இதனால் இது முற்றும் அயலான் எனவும் கொள்ளவேண்டா. நம் நீர்நிலைக் கரைகளில் செந்நூல் போலப் பூத்துத் தொங்கும் செங்கடம்பு தாவர நூலார் வகுத்த முறையில் இதன் பெருங்குடும்பத்தினதே.

அங்ஙனமாயின் நாகலிங்கம் என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? பூவுக்கு முன்னரே அவ்வடிவம் இந்நாட்டவர் உள்ளத்தில் இருந்தது. இலிங்கத்தின்மேல் நாகம் படம் விரித்து நிற்கும் திருவுருவம் பண்டே கல்லில் வடிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் விசயநகர வேந்தர் காலத்தெழுந்த இலேபாட்சிக் கோயிலில் ஏழு தலை நாகம் குடைபிடிக்கும் பெருங்கல் இலிங்கத்தை இன்றும் காணலாம். அவ்வுருவைக் கண்டு பழகிய கண்கள் புதிய பூவில் அதனையே கண்டன. கயானாப் பழங்குடிகள் அவ்வுருவை அறியாராதலின் அப்பூவில் அதனைக் கண்டிலர். பூ ஒன்றே, காண்பார் உள்ளத்துப் பதிந்த வடிவே பெயராய் வெளிப்பட்டது.

இதற்கு நேரொத்த நிகழ்ச்சி ஈழத்திலும் உண்டு. ஆண்டுள்ள பௌத்தர் இம்மரத்தைச் சால மரம் எனக் கருதி விகாரைகள்தோறும் நட்டு வணங்குகின்றனர். புத்தர் பெருமான் பரிநிருவாணம் அடைந்தது சால மரங்களின் இடையே என்பது பௌத்த நூல்களின் கூற்று. அச்சாலமோ வடநாட்டு இமயமலைச் சாரற் காடுகளில் வளர்வது, சிறிய வெளிறிய பூக்களைக் கொத்தாகப் பூப்பது, குங்கிலியம் தருவது. வடிவிலோ இனத்திலோ இரண்டிற்கும் ஒப்புமை சிறிதுமில்லை. பேராதனைப் பூங்காவில் 1901-ஆம் ஆண்டு, பின்னர் ஐந்தாம் சியார்ச் மன்னராகிய இளவரசர் நட்ட இம்மரம் பார்ப்பார்க்குக் காட்டப்பட்டு வருகின்றது. ஈழத்தினின்று இம்மயக்கம் சயாம் நாட்டுக்கும் சென்றது. ஆண்டு இதன் பெயர் 'சாலா லங்கா', அஃதாவது இலங்கைச் சாலம். ஒருவர் செய்த பிழை மற்றொருவர்க்கு மரபாதல் இவ்வாறே போலும். பௌத்தரின் மயக்கத்தை எளிதிற் காணுஞ் சைவர், தம் பக்கலில் உள்ள மயக்கத்தையும் அவ்வெளிமையோடு காணுதல் முறையாகும்.

அற்றேல், அயல்நாட்டுப் பூவாகிய இதனைச் சிவபூசைக்கு எடுத்தல் தகுமோ என ஐயம் எழும். சிவாலயங்களிற் படைக்கப்படும் கொய்யாவும் சீதாப்பழமும் அமெரிக்காவினின்று வந்தனவே. பின்னதற்குச் சீதையின் பெயரையே மக்கள் இட்டுவிட்டனர். ஈழத்தலரி என்னும் பூமரம் பெயரால் ஈழத்தது போலத் தோன்றினும், அதன் பிறப்பிடமும் அமெரிக்காவே. துலுக்கச் செவந்தியும் அவ்வழியது. இவற்றை விலக்குவாரில்லை. புத்தர் வேடம் நீங்காமலே சாக்கிய நாயனார் நாள்தோறும் எறிந்த கல்லை மலராக ஏற்ற பெருமான், கடல்கடந்து வந்த மலரை ஏலானென்றல் பொருந்தாது. விதிமுறை பற்றிய கேள்வியாயின், அவ்வக் கோயிலின் ஆகம வழக்கும் ஆசாரியர் ஆணையுமே அதற்கு முடிவு. ஈண்டு மறுக்கப்படுவது பொய்ச்சான்று ஒன்றே. பூவை இறைவனுக்கு இடுதற்கு அன்பு போதுமாயின், அதற்கு இல்லாத பழைமையைப் புனைந்துரைத்தல் எற்றுக்கு? ஆகமத்தில் இல்லாததை உண்டென்பார், உள்ளதைக் கூறும்போதும் நம்பப்படார். அவ்விழுக்கு அவரோடு நில்லாது நூல்களையும் சென்று சாரும்.

மருத்துவப் பயன் குறித்தும் இவ்வெச்சரிக்கை வேண்டும். இலையும் பட்டையும் பூவும் கிருமிகளைத் தடுப்பனவென ஆய்வுக்கூடங்களிற் செய்த சோதனைகள் சில காட்டியுள்ளன. கண்ணாடிக் குழாயிற் கண்டது நோயாளியின் உடலிலும் நிகழுமென்பது இன்னும் நாட்டப்படவில்லை. சித்தர் கண்ட மூலிகை என்று இதனை விற்பாரை ஐயுறுதலே நலம்.

நந்தவனத்தில் இதனை வளர்ப்பார் கொள்ளவேண்டுவன சில. ஒரு பூ ஒரு நாளே நின்று உதிரும். தானே வீழ்ந்த மலர் பூசைக்கு ஆகாதென்பது பொதுவிதி ஆதலின், மணம் மிக்கிருக்கும் விடியற்காலத்தே கொய்தல் வேண்டும். முதிர்ந்த காய் முன்னறிவிப்பின்றி வெடியோசைபட வீழ்ந்து உடையும். தலையில் வீழின் உயிர்க்கும் இறுதியாம். ஆகலின் திருவீதியுலா செல்லும் வழியிலும், அடியார் அமர்ந்து ஓதும் இடத்திலும், பிள்ளைகள் விளையாடும் வெளியிலும் இதனை நடாது, மதிலோரத்தே தனித்து நடுதல் தகும். பூக்கள் மட்டும் வேண்டுவார் காய் பிஞ்சாயிருக்கும்போதே களைந்துவிடலாம். முதிர விட்ட காயின் சதையை நாற்றம் பரவாமுன் குழிவெட்டிப் புதைத்து, ஓட்டைத் துடைத்து உலர்த்தி வைத்துக்கொள்ளின், பிரேசில் நாட்டார் போல அதனையே முகக்குங் கிண்ணமாகக் கொண்டு செடிகட்கு நீர் விடலாம்.